படத்துக்கு ‘முன்கதை’ காமிக்ஸ் வாங்கப் போகிறீர்களா? நான் விழுந்த குழிகளைத் தாண்டிப் போங்கள்

நான்கு இதழ், நாலாயிரம் ரூபாய். ‘கேப்டன் அமெரிக்கா: சிவில் வார்’ படத்தின் ‘ப்ரிலூட்’, அதாவது முன்கதை, என்று அட்டையில் பார்த்ததும் ஆசைப்பட்டு அமெரிக்காவிலிருந்து வரவழைத்தேன். ஐந்து வாரம் கழித்துப் பார்சல் வந்தது. முதல் இதழைப் புரட்டினால் ‘அயன் மேன் 3’ படத்தின் கதை ஓடுகிறது. சரி, அடுத்ததில் விஷயத்துக்கு வருவார்கள் என்று இரண்டாவதை எடுத்தேன். அதுவும் ‘அயன் மேன் 3’தான். மூன்றும் நான்கும் ‘வின்டர் சோல்ஜர்’. இரண்டு படங்களையும் தியேட்டரில் காசு கொடுத்துப் பார்த்தவன் நான். பார்த்த படத்தையே இரண்டாவது தடவையாகக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன்.

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து ஒழுங்காகத் தேடிப் படித்தேன். சூப்பர் ஹீரோ படங்களுக்கு வரும் முன்கதை காமிக்ஸில் நல்ல சரக்கும் இருக்கிறது, பதரும் இருக்கிறது. இரண்டையும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி தெரியும். புதிதாக இறங்குகிறவர்கள் கீழே சொல்லும் வரிசையில் போனால் என் செலவில் பாதிகூட ஆகாது.

1. கதை புதிதா, சுடவைத்த பழசா?

காசு எடுக்கும் முன் செய்ய வேண்டிய வேலை இதுதான். மற்றதெல்லாம் பிறகு.

இந்த ஹீரோக்களின் காமிக்ஸை வெளியிடும் மார்வெல் நிறுவனம் ‘ப்ரிலூட்’ என்று போடும் இதழ்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று, படத்தில் இல்லாத புதுக் கதை. இரண்டு, முந்தைய படத்தையே வரைந்து கொடுப்பது. அடுத்த படத்துக்குப் போகும் முன் மறந்ததை ஞாபகப்படுத்தத்தான் இந்த இரண்டாவது வகை. படம் பார்க்காத பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கலாம். பார்த்தவருக்கு அதில் ஒன்றும் இல்லை.

சுடவைத்த வகையில் எனக்குத் தெரிந்தவை (அடைப்புக்குறிக்குள் இருப்பது வந்த ஆண்டும், எந்தப் படத்தைச் சுடவைத்தார்கள் என்பதும்): ‘சிவில் வார்’ (2016, அயன் மேன் 3, வின்டர் சோல்ஜர்), ‘கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி’ இரண்டாம் பாகம் (2017, முதல் பாகம்), ‘ஸ்பைடர்மேன்: ஹோம்கமிங்’ (2017, சிவில் வார்), ‘தோர்: ரக்னராக்’ (2017, இன்க்ரெடிபிள் ஹல்க், டார்க் வேர்ல்ட்), ‘ஆன்ட்-மேன் அண்ட் தி வாஸ்ப்’ (2018, முதல் ஆன்ட்-மேன்), ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ (இன்ஃபினிட்டி வார்).

பட்டியலைப் பார்த்தால் ஒரு விஷயம் பிடிபடும். 2016க்குப் பிறகு, ஒரு ஹீரோவின் இரண்டாவது, மூன்றாவது படத்துக்கு வந்த முன்கதை என்றால் சந்தேகப்படுங்கள். ஒரு ஹீரோ முதன்முதலாகத் தனிப்படம் கட்டும்போது வருவது பெரும்பாலும் புதுக் கதை. ‘ஆன்ட்-மேன்’ (2015), ‘டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்’ (2016), ‘பிளாக் பேந்தர்’ (2017) எல்லாம் அந்த ரகம். 2013க்கு முன்னால் வந்தவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று சொல்லத் தோன்றுகிறது, ஆனால் கண்ணைத் திறந்தே வாங்குங்கள்.

எந்த இதழானாலும் அதன் கதைச் சுருக்கத்தைத் தேடி இரண்டு வரி படித்துப் பாருங்கள். அதில் நீங்கள் தியேட்டரில் பார்த்த காட்சி வந்தால் அப்படியே மூடிவிடலாம். விற்பனைப் பக்கத்தில் போட்டிருக்கும் விவரத்தை நம்பாதீர்கள். “படத்துக்குப் போகும் பாதை இங்கே தொடங்குகிறது” என்ற மாதிரி வாசகம்தான் இரண்டு வகைக்கும் எழுதுகிறார்கள்.

2. எதில் தொடங்குவது?

என்னைக் கேட்டால் ‘ஃப்யூரிஸ் பிக் வீக்’ (2012). முதல் ‘அவெஞ்சர்ஸ்’ படத்துக்கு வந்த முன்கதை. அயன் மேன் 2, இன்க்ரெடிபிள் ஹல்க், தோர் என்று நாம் தனித்தனியாகப் பார்த்த மூன்று படங்களும் ஏறக்குறைய ஒரே வாரத்தில் நடக்கின்றன என்பதை, இந்த ஹீரோக்களைக் கண்காணிக்கும் உளவு அமைப்பின் தலைவர் நிக் ஃப்யூரியின் மேசையிலிருந்து காட்டும். ஒரு பக்கம் அயன் மேனான டோனி ஸ்டார்க், இன்னொரு பக்கம் பாலைவனத்தில் சுத்தியல், நடுவில் ஹல்க். இந்த மனிதர் எப்போது தூங்கினார் என்று கேட்கத் தோன்றும். படங்களை ஒன்றோடொன்று தைத்திருக்கும் நூல் எங்கே போகிறது என்று தெரிகிறது. முன்கதை என்றால் இப்படி இருக்க வேண்டும்.

அடுத்து, படத்தில் விட்டுப்போன ஓட்டைகளை அடைப்பவை. ‘அவெஞ்சர்ஸ்’ படத்தில் நியூயார்க் பற்றி எரியும்போது டோனி ஸ்டார்க்கின் நண்பர் ரோடி எங்கே போனார்? அவர் டென் ரிங்ஸ் என்ற பயங்கரவாதக் கும்பலின் ஆட்களோடு வேறிடத்தில் மாட்டிக்கொண்டிருந்த கதை ‘அயன் மேன் 3’ முன்கதையில் (2013) வருகிறது. முதல் தோர் படத்தின் முடிவில் வானவில் பாலம் உடைந்துபோகிறதே, பிறகு எப்படி அவர் பூமிக்கு வந்தார்? ‘அவெஞ்சர்ஸ்’ படத்தில் அவர் தம்பி லோகி ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போவதை ‘டார்க் வேர்ல்ட்’ முன்கதை (2013) விரித்துக் காட்டும். ஆன்ட்-மேன் முன்கதையில், அந்த உடையை முதலில் போட்ட ஹாங்க் பிம் பனிப்போர்க் கால பெர்லினில் வேலை பார்க்கிறார். பிளாக் பேந்தர் முன்கதையில், டோனி ஸ்டார்க் தன்னை அயன் மேன் என்று உலகுக்கு அறிவித்த சமயத்து இளம் டி’சல்லா, அதாவது பிளாக் பேந்தர்.

மார்வெலுக்கு வெளியே ஒன்று சொல்லியே ஆக வேண்டும்: ‘புஷ்’. 2009 பிப்ரவரியில் வந்த படம். ஹாங்காங்கில் நடக்கும். கிறிஸ் எவன்ஸ் கேப்டன் அமெரிக்கா ஆவதற்கு முன்பே நடித்த சக்திக்காரர் படங்களில் ஒன்று. பொருளை நகர்த்துபவர் ‘மூவர்’ (mover), பிறர் மனதில் பொய் நினைவை ஏற்றுபவர் புஷர், வரப்போவதைப் பார்ப்பவர் வாட்சர், மறைப்பவர் ஷேடோ, நினைவை அழிப்பவர் வைப்பர் என்று சக்திக்கு ஒரு சாதி வைத்திருப்பார்கள். இத்தனை பேரையும் இரண்டு மணி நேரத்தில் அடைத்ததில் படம் திணறிப்போகும். யாருக்கும் போதுமான இடம் கிடைக்காது. மார்க் பெர்னார்டின், ஆடம் ஃப்ரீமன் எழுதி, புரூனோ ரெடோன்டோ வரைந்த ஆறு இதழ் முன்கதை அந்த இடத்தைத் தருகிறது. வெளியிட்டது, மார்வெலின் போட்டி நிறுவனமான டிசியின் கிளை வைல்ட்ஸ்டார்ம். அந்தக் கிளையை 2010இல் மூடிவிட்டார்கள். அதனால் பழைய பிரதிகளைத்தான் தேட வேண்டும். கிடைத்தால் ஆறையும் சேர்த்தே வாங்குங்கள். ஐந்து வாங்கிவிட்டு ஒன்றுக்காக அலைவது எனக்கு நடந்தது. அந்த ஒற்றை இதழுக்குத் தபால் செலவு மட்டும் இதழின் விலையைப் போல நான்கு மடங்கு.

டிசி பக்கம் ‘மேன் ஆஃப் ஸ்டீல்’ என்ற சூப்பர்மேன் படத்தின் முன்கதை (2013) சுவாரஸ்யமானது. படத்தில் பனிக்கடியில் கிடக்கும் பழைய கப்பலில் ஒரு பெட்டி மட்டும் திறந்து கிடக்கும், கவனித்திருப்பீர்கள். அது யாருடையது என்பதுதான் இந்தக் கதை. சூப்பர்கேர்ளின் இயற்பெயரான காரா சோர்-எல் என்ற பெயர் வரும். அமெரிக்காவின் வால்மார்ட் கடைகள் வழியாக ஒரு குறியீட்டெண் கொடுத்து, அதைப் போட்டால் திரையில் படிக்கலாம் என்று விநியோகித்தார்கள். இன்றைக்கு யாராவது அந்தப் பழைய குறியீட்டுச் சீட்டை விற்றால் வாங்காதீர்கள்.

3. தனி இதழா, தொகுப்பா, திரையா?

தனி இதழ் என்பது இருபது இருபத்திரண்டு பக்கக் கதை. இந்த முன்கதைகள் வந்தபோது அட்டை விலை பெரும்பாலும் 2.99 அல்லது 3.99 டாலர். தொகுப்பு என்பது அவற்றைச் சேர்த்துக் கட்டிய புத்தகம்.

தொகுப்பில் ஒரு பொறி இருக்கிறது. முன்கதை இரண்டே இதழ் என்றால் புத்தகம் ஒல்லியாகிவிடும் அல்லவா? அதனால் அதே ஹீரோவின் பழைய காமிக்ஸைப் பின்னால் சேர்த்துப் பருமனாக்கிவிடுவார்கள். நூற்றுச் சொச்சம் பக்கப் புத்தகத்தில் நாற்பது பக்கம்தான் நீங்கள் தேடி வந்த கதை. பழையதும் பிடிக்கும் என்றால் லாபம். இல்லையென்றால், உள்ளே என்னென்ன இதழ் இருக்கிறது என்ற வரியை விற்பனைப் பக்கத்தின் அடியில் தேடிப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

திரையில் படிக்க மார்வெல் அன்லிமிடெட் செயலி இருக்கிறது. நான் சேர்ந்தபோது மாதம் 9.99 டாலர். முப்பதாயிரத்துக்கு மேல் காமிக்ஸ் கிடக்கிறது. முன்கதைகளை மட்டும் படிக்க வேண்டுமென்றால் ஒரே மாதம் போதும். ஒரு வார இறுதியில் முக்கால்வாசி முடித்துவிடலாம். புது இதழ் கடைக்கு வந்து மூன்று மாதம் கழித்துத்தான் அங்கே வரும் என்பதை மட்டும் கணக்கில் வையுங்கள். இன்னொன்று: ‘இன்ஃபினிட் காமிக்ஸ்’ என்று பெயரிட்டவை திரைக்கென்றே செய்யப்பட்டவை. விரலால் தட்டத் தட்டக் கட்டம் மாறும், பேச்சுக்குமிழ் ஒவ்வொன்றாக வரும். ‘ஏஜ் ஆஃப் அல்ட்ரான்’ முன்கதை (2015) அப்படிப்பட்டது. அதைத் தாளில் வாங்கினால் பாதி விளையாட்டு போய்விடும்.

அமெரிக்கா, கனடாவில் இருப்பவர்கள் செலவே செய்ய வேண்டாம். உள்ளூர் பொது நூலகம் ஹூப்ளா என்ற இரவல் செயலியில் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். நூலக அட்டை எண் இருந்தால் தொகுப்புகளை இலவசமாக இரவல் எடுக்கலாம்.

திரையில் படிக்கக் காமிக்ஸ் விற்ற பழைய காமிக்ஸாலஜி செயலியைத் தேடி நேரம் வீணாக்க வேண்டாம். 2022இல் அதை அமேசான் கிண்டிலுக்குள் கரைத்துவிட்டது, 2023 டிசம்பரில் செயலியும் போய்விட்டது. பழைய வழிகாட்டிகள் எல்லாம் இன்னமும் அங்கேதான் அனுப்புகின்றன.

4. பார்கோடில் ஐந்து எண்

பழைய இதழ் வாங்கும்போது அட்டைப் படத்தை மட்டும் பார்க்காதீர்கள். பார்கோடின் புகைப்படம் கேளுங்கள். பெரிய பார்கோடுக்கு வலப்பக்கம் சின்னதாக ஐந்து இலக்கம் இருக்கும். முதல் மூன்று இதழ் எண், நான்காவது எந்த அட்டை, ஐந்தாவது எத்தனையாவது அச்சு. 00211 என்றால் இரண்டாம் இதழ், வழக்கமான அட்டை, முதல் அச்சு. 00221 என்றால் அதே இதழ், மாற்று அட்டை. உள்ளே ஒரு எழுத்து மாறாது, விலை மட்டும் ஏறும். நடிகர் முகம் போட்ட புகைப்பட அட்டைக்கு இப்படித்தான் கூடுதலாகக் கேட்பார்கள். படிக்கத்தானே வாங்குகிறீர்கள்? நிலை பற்றிப் போட்டிருக்கும்போதும் ‘நியர் மின்ட்’ (கிட்டத்தட்டப் புதுசு) என்ற சொல்லுக்கு மயங்காமல் ‘ஃபைன்’ (கொஞ்சம் புரட்டிய தடம் இருப்பது) என்று போட்டதை எடுங்கள்.

5. வங்கி அட்டையை முன்கூட்டித் தயார் செய்யுங்கள்

இந்தியாவில் 2020இல் வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, புதிதாகக் கொடுக்கும் அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை மூடியே வரும். வங்கிச் செயலியில் போய் நீங்களே திறக்க வேண்டும். நான் இது தெரியாமல் மூன்று தடவை முயன்று, மூன்றாவதில் வங்கி அட்டையையே முடக்கிவிட்டது. ‘புஷ்’ ஆறு இதழ் கட்டு அதற்குள் வேறு யாருக்கோ போய்விட்டது.

மாதச் சந்தாவுக்குத் தனி வம்பு. 2021 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி தானாகப் பணம் எடுக்கும் சந்தாவுக்கு முன்பதிவு அனுமதி வேண்டும். பல வெளிநாட்டுச் சேவைகள் அதற்குள் வரவில்லை. முதல் மாதம் போகும், இரண்டாம் மாதம் நிற்கும். ஒரு மாதத்தில் படித்து முடிக்கத்தான் போகிறீர்கள் என்பதால் இது நமக்கு நல்லதே.

6. கணக்கை முதலிலேயே போடுங்கள்

என் நாலாயிரம் எப்படி ஆனது என்று சொல்கிறேன். நான்கு இதழ், ஒன்று 3.99 டாலர், சுமார் 16 டாலர். அனுப்பும் செலவு 22 டாலர். மொத்தம் 38. டாலர் 85 ரூபாய் என்று வைத்தால் 3,230. வங்கி அந்நியச் செலாவணிக் கட்டணம் 3.5 சதவீதம், 113 ரூபாய். அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, 20 ரூபாய். ஆக 3,363. வாசலில் கூரியர்காரர் வரியும் ‘கிளியரன்ஸ்’ கட்டணமும் சேர்த்து 700 சொச்சம் கேட்டார். கதை என்னவோ பழைய கதை, இதழ் ஒன்று ஆயிரம் ரூபாய்.

இதில் குறைக்கக்கூடியது அனுப்பும் செலவுதான். நான்கு இதழுக்கும் பத்து இதழுக்கும் தபால் செலவில் பெரிய வித்தியாசம் வராது. நண்பர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரே விற்பனையாளரிடம் வாங்குங்கள். அதற்கு முன்னால் இந்தியத் தளங்களிலும், ஊரில் இருக்கும் பழைய புத்தகக் கடைகளிலும் ஒரு நடை போய்ப் பாருங்கள். சென்னையில் 2024 முதல் காமிக் கான் என்ற காமிக்ஸ் திருவிழா நடக்கிறது. அங்கே பேரம் பேசலாம்.

7. ஆவணம்: உங்கள் இன்ஷியல்தான் வில்லன்

கூரியரில் வரும் பார்சலைச் சுங்கத்தில் எடுக்க அடையாளச் சான்று கேட்பார்கள். ஆதார், பான், கடவுச்சீட்டு, வாக்காளர் அட்டை, ஏதாவது ஒன்று. பிரச்சினை பெயரில். ஆதாரில் இன்ஷியல் முன்னால், பானில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால், அமெரிக்கத் தளத்தில் ‘லாஸ்ட் நேம்’ கட்டாயம் என்றதும் நாம் அவசரத்தில் எதையோ போட்டிருப்போம். என் பார்சல் இதனால் மட்டும் பதினோரு நாள் கிடந்தது. எந்தச் சான்றைக் கொடுக்கப் போகிறீர்களோ, அதில் இருக்கிற மாதிரியே எழுத்துக்கு எழுத்து பெயரைப் போட்டு ஆர்டர் செய்யுங்கள். முகவரியும் அப்படியே.

சான்றோடு, நீங்கள் பணம் கட்டிய ரசீதையும் கைவசம் வையுங்கள். மதிப்பைச் சந்தேகப்பட்டால் அதைத்தான் கேட்பார்கள். சாதாரணத் தபாலில் வந்தால் பெரும்பாலும் இவ்வளவு தொல்லை இல்லை. வரி இருந்தால் தபால்காரரிடம் கட்டி வாங்கிக்கொள்ளலாம். தாமதம் மட்டும் உண்டு.

விற்பவரிடம், சுங்கப் படிவத்தில் ‘அச்சிட்ட காமிக்ஸ் புத்தகம்’ என்று எழுதச் சொல்லுங்கள். ‘கலெக்டிபிள்’ என்று எழுதினால் பொம்மை, கலைப்பொருள் என்று வேறு கணக்கில் போய் வரி ஏறலாம். வெளிநாட்டுப் புத்தகங்களுக்கு 2019 பட்ஜெட்டில் போட்டது 5 சதவீதம்தான். ‘கிஃப்ட்’ என்று எழுதச் சொல்லும் பழைய தந்திரத்தை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ராக்கிக்கும் உயிர்காக்கும் மருந்துக்கும் தவிர அந்தச் சலுகை 2019 டிசம்பரிலேயே போய்விட்டது, பொய்க் கணக்கு வேறு.

8. எப்போது வாங்குவது, எப்போது படிப்பது

முன்கதை இதழ்கள் பொதுவாகப் படத்துக்குச் சில மாதம் முன்னால் வந்துவிடும். படம் வெளியாகும் வாரத்தில் பழைய பிரதிகளுக்குக்கூட விலை ஏற்றிச் சொல்வார்கள். படம் ஓடி முடிந்து ஆறு மாதம் பொறுத்தால் அதே இதழ் கட்டுக்கட்டாக வரும். படம் வரும் தேதியை நம்பித் திட்டம் போடவும் வேண்டாம். ‘பிளாக் விடோ’ முன்கதை 2020 ஜனவரியில் வந்தது. கொரோனாவால் படம் வந்தது 2021 ஜூலையில்.

படிப்பது எப்போது? படம் பார்த்த பிறகு. முன்கதை என்ற பெயரைப் பார்த்து முதலில் படித்துவிடாதீர்கள். ‘புஷ்’ மாதிரி ஒன்றில், படத்தில் யார் எந்தப் பக்கம் என்று தெரிந்த பின்தான் காமிக்ஸில் அவர்கள் செய்வதற்கு அர்த்தம் கிடைக்கிறது. காமிக்ஸும் படமும் முரண்பட்டால் படம் சொல்வதே செல்லும். எடுப்பவர்கள் காமிக்ஸைப் பார்த்து எடுப்பதில்லை. அதற்காக யாரோடும் சண்டை போட வேண்டாம், நான் போட்டிருக்கிறேன்.

9. பார்சல் வந்ததும்

பிரிப்பதை அலைபேசியில் படம் பிடியுங்கள். பக்கம் குறைந்தாலோ மடங்கியிருந்தாலோ பணம் திரும்பக் கேட்க அதுதான் ஆதாரம். கேட்பதற்குக் கெடு இருக்கும், அன்றைக்கே பக்கங்களை எண்ணிவிடுங்கள்.

வைப்பதற்கு, முதுகுக்குப் பின்னால் அட்டை வைத்த பிளாஸ்டிக் உறை போதும். சென்னை மாதிரிக் கடலோர ஊரில் ஈரம்தான் எதிரி. பெட்டியில் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள், மழைக்காலம் முடிந்ததும் மாற்றுங்கள். செய்தித்தாளில் சுற்றி வைக்காதீர்கள். ராமபாணப் பூச்சி அங்கிருந்துதான் வரும். என் ‘சிவில் வார்’ மூன்றாம் இதழை அது தின்றுவிட்டது. அந்த ஒன்றுக்கு மட்டும் நான் வருத்தப்படவில்லை.